கொள்ளிடக் கழிமுகத்தில் நன்னீரின் விளைவை அளப்போருக்கு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மேட்டூர் அணை 120 அடியை எட்டிப் பதினாறு கண் மதகு திறக்கப்படும் ஆண்டுகளில், இவ்வளவு தண்ணீரும் கடலில் வீணாகக் கலக்கிறதே என்ற பேச்சு சேலத்தில் எங்கும் கேட்கும். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்பட்டு, அணைக்கரையிலுள்ள கீழணையைக் கடந்து, பழையாறு அருகே கடலைச் சேர்கிறது. வழியில் அது கழிமுகத்தின் உப்பைக் குறைக்கிறது. வண்டலையும் ஊட்டச்சத்தையும் கொண்டு சேர்க்கிறது. சில உயிர்களை வரவழைத்துச் சிலவற்றை விரட்டுகிறது. அது வீணா இல்லையா என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில், சேலத்தில் கருவிகளை வைத்துக்கொண்டு கழிமுகம் வரை சென்று அளந்து வரும் சிறு குழு எங்களுடையது. குழுவின் அளவீட்டுத் தாள்கள் எல்லாம் இறுதியில் என் மேசைக்கு வருகின்றன. ஒவ்வொரு பருவத்திலும் திரும்பத் திரும்ப வரும் குழப்பங்களையும், அவற்றைப் பிரித்தறியும் வழிகளையும், புதிதாகச் சேரும் மாணவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் கருவியின் கோளாறும் நாம் தேடிச் செல்லும் விளைவும் பெரும்பாலும் ஒரே தடயத்தைத்தான் விடுகின்றன. நன்னீர் வந்தாலும் உப்பு அளவு இறங்கும். உணரியில் பாசி படிந்தாலும் இறங்கும். ஆகவே எந்த மாற்றத்தைக் கண்டாலும் முதலில் கருவியையும், அடுத்து அளந்த நேரத்தையும் ஓதத்தையும் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்றவற்றத்தையும்), பிறகு உள்ளூர் மழையையும் சந்தேகியுங்கள். அவை மூன்றும் இல்லை என்று தெளிந்த பிறகுதான் அணைத் தண்ணீரின் பெயரைத் தாளில் எழுதலாம்.

அறிகுறி: அணை திறக்காத நாள்களிலும் உப்பு அளவு மெல்ல மெல்ல இறங்குகிறது

எங்களுக்கு அதிகம் வரும் புகார் இதுதான். கழிமுகத்தில் கட்டிவிட்டு வந்த பதிவுக்கருவி, இரண்டு மூன்று வாரங்களில் 30இலிருந்து (அதாவது ஆயிரம் பங்கு நீரில் 30 பங்கு உப்பு) 26, 24 என்று சீராகச் சரிந்துகொண்டே வரும். வரைபடம் அழகாக இருக்கும். நன்னீர் ஊறி வருகிறது என்று எழுதிவிடத் தோன்றும். ஆற்றுத் தண்ணீர் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. அது வந்தால் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தோடு கலந்து, சில நாள்களில் திடீரென விழுந்து, பிறகு தட்டுத்தடுமாறி ஏறும். நேர்க்கோடு போட்டதுபோல் இறங்கும் கோட்டைக் கண்டால், உணரியின் மேல் பாசியோ சேறோ கொட்டலசோ (படகிலும் கல்லிலும் ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்) படிந்திருக்கிறது என்று முதலில் கருதுங்கள். கருவி உப்பைக் கணக்கிடுவது நீரின் மின்கடத்துதிறனிலிருந்துதான்; அதை அளக்கும் முனைகளின் நடுவே எது அடைத்துக்கொண்டாலும் அளவு குறைவாகவே காட்டும். சிக்கிய காற்றுக்குமிழிகூட அதைச் செய்யும்.

இதைப் பிரித்தறிய ஒரு நிலையான வரிசை உண்டு, அதை மாற்றாதீர்கள். கருவியைத் தண்ணீரிலிருந்து எடுப்பதற்கு முன்பே, கையில் கொண்டுபோன இரண்டாவது கருவியால் அதே ஆழத்தில் ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பதிவுக்கருவியை எடுத்து, மென்மையான தூரிகையால் முனைகளைச் சுத்தம் செய்து, மீண்டும் அதே இடத்தில் இறக்கி அளவைக் குறியுங்கள். சுத்தம் செய்ததற்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு மேலே படிந்ததால் வந்த பிழையாகும். இடையில் தண்ணீரே மாறியிருந்தால் இரண்டாவது கருவி அதைக் காட்டிக்கொடுக்கும். அதற்குப் பிறகு கரையில் வைத்து, மின்கடத்துதிறன் முன்பே தெரிந்த நியமக் கரைசலில் அளந்தால் வரும் வேறுபாடு கருவியின் தன் விலகலாகும். இரண்டையும் தனித்தனியாக எழுதி, கடைசியாகச் சுத்தம் செய்த நாளிலிருந்து இன்றுவரை படிப்படியாகப் பிழை வளர்ந்தது என்று கொண்டு, இடைப்பட்ட அளவுகளைத் திருத்த வேண்டும். இந்த வரிசையைத் தவறவிட்டு, கருவியை எடுத்தவுடன் ஆர்வத்தில் துடைத்துவிட்டால், மூன்று வார அளவுகளுக்கும் திருத்தம் சொல்ல எவராலும் இயலாது.

நியமக் கரைசலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிப்பதற்கு நாம் பழகியிருப்பது 1,413 மைக்ரோசீமன்ஸ் கரைசல். கடல்நீரோ 50,000 மைக்ரோசீமன்ஸைத் தாண்டும். கீழ்முனையில் மட்டும் சரிபார்த்த கருவி மேல்முனையில் எங்கே நிற்கிறது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஒரு லிட்டரில் 7.455 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்தால் 25 டிகிரியில் ஏறத்தாழ 12.9 மில்லிசீமன்ஸ் கிடைக்கும். அதையும், அதற்கு மேல் கடல்நீருக்கு நெருங்கிய நியமக் கரைசல் ஒன்றையும் சேர்த்து, குறைந்தது மூன்று இடங்களில் சரிபாருங்கள். நீரில் ஒளி வளைவதைக் கொண்டு உப்பைக் காட்டும் ஒளிவிலகல்மானியை வைத்திருப்பவர்கள் உப்பு 5க்குக் கீழே போனதும் அதை நம்ப வேண்டாம். அதன் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் நம் விளைவு முழுவதும் மறைந்துவிடும்.

அறிகுறி: மேட்டூரில் திறந்து பத்து நாள்கள் ஆகியும் கழிமுகத்தில் எதுவும் மாறவில்லை

சேலத்துக்காரர்களான நமக்கு இது இயல்பாகவே வரும் தவறு. அணை திறந்தது என்ற செய்தியைக் கேட்டதும் கழிமுகத்தில் உப்பு குறையும் என்று எதிர்பார்க்கிறோம். எந்தத் திறப்பு என்று கேட்பதில்லை. ஜூன் 12ஆம் தேதியை வழக்கமாகக் கொண்ட பாசனத் திறப்பு டெல்டாவுக்கானது. அந்தத் தண்ணீர் மூன்று நான்கு நாள்களில் கல்லணையை அடைந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று வயல்களுக்குப் பிரிகிறது. கொள்ளிடத்துக்கு அதில் பங்கு மிகக் குறைவு. கழிமுகத்துக்குத் தண்ணீர் போவது பெரும்பாலும் மிகைநீர் வரும்போதுதான். எனவே தாளில் மேட்டூர்த் திறப்பு என்று ஒரே கட்டம் வைக்காமல், அணை மின்நிலையம், சுரங்க மின்நிலையம் வழியாக எவ்வளவு, பதினாறு கண் மதகு வழியாக எவ்வளவு, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் எவ்வளவு, அணைக்கரைக்குக் கீழே எவ்வளவு என்று நான்கு கட்டங்கள் வையுங்கள். நம் கேள்விக்கு விடை சொல்லும் எண் நான்காவது கட்டத்தில்தான் இருக்கிறது. அணைக்கரையில் வடவாறு பிரிந்து வீராணத்துக்குப் போய்விடுகிறது என்பதையும் மறக்கலாகாது.

இதற்கு எதிர்மாறாகவும் நடக்கும். மேட்டூரில் திறப்புக் குறைந்த நாளிலும் கொள்ளிடத்தில் வெள்ளம் வரலாம். அணைக்குக் கீழே பவானியும் நொய்யலும் அமராவதியும் காவிரியில் சேர்கின்றன. நீலகிரியில் கொட்டிய மழை மேட்டூர்க் கணக்கில் வராது.

எண்களை ஒப்பிடும்போது அலகுகளைச் சேர்த்துப் பாருங்கள். நொடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும், அது 2.83 கோடி கன மீட்டர். நாளிதழில் வரும் கன அடியையும், நீர்வளத் துறையின் டி.எம்.சி.யையும், கழிமுகத்தின் கொள்ளளவைச் சொல்லும் கன மீட்டரையும் ஒரே அலகுக்குக் கொண்டுவராமல் விட்டதால் தடுமாறிய தாள்களை நான் நிறையவே திருத்தியிருக்கிறேன்.

தண்ணீர் உண்மையிலேயே வந்திருந்தும் கருவி காட்டாத நிலையும் உண்டு. நன்னீர் இலேசானது, கடல்நீர் கனமானது. கொள்ளிடத்து நீர் மேலாக வழிந்து கடலுக்குப் போக, அடியில் உப்புநீர் ஆப்பு வடிவில் உள்நோக்கிப் புகுந்து கிடக்கும். உணரியை அடியில் கட்டியிருந்தால் அது 30ஐக் காட்டிக்கொண்டே இருக்கும். மேலே படகின் ஓரத்தில் கையால் அள்ளிய தண்ணீர் வாயில் சப்பென்று இருக்கும். எனவே எந்த இடத்திலும் மேல்மட்டம், நடு, அடி என்று மூன்று ஆழங்களில் அளந்தாக வேண்டும். ஆழத்தில் மூடிக்கொள்ளும் மாதிரிக்குடுவை இல்லாதவர்கள், கனமான பாட்டிலின் கழுத்தில் எடை கட்டி, தக்கையைத் தனிக் கயிற்றால் இழுத்துத் திறக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். மேலுக்கும் அடிக்கும் உள்ள வேறுபாடே ஒரு அளவீடுதான். அதைச் சராசரியாக்கி அழித்துவிடாதீர்கள்.

ஒரே இடத்தை நம்பி இருப்பதற்கும் மாற்று உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில், அடிநீரின் உப்பு அளவு 2 ஆக இருக்கும் இடம் கோல்டன் கேட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது என்பதை எக்ஸ்2 என்று பெயரிட்டு, நன்னீர் வரத்தின் அளவுகோலாகவே பயன்படுத்துகிறார்கள். ஒரு கம்பத்தில் உப்பு எவ்வளவு என்று கேட்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட உப்பு அளவு இன்று எங்கே நிற்கிறது என்று கேட்கும் முறை இது. கொள்ளிடத்தில் படகில் மேல்நோக்கிச் சென்றுகொண்டே அளந்தால் ஒரே காலைப்பொழுதில் இதைச் செய்துவிடலாம்.

அறிகுறி: ஒரே வாரத்தில் எண்கள் தாறுமாறாக ஏறி இறங்குகின்றன

மேட்டூரில் நீர்மட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இன்றைய அளவு நேற்றைய அளவைவிடச் சற்றே மாறுவதுதான் இயல்பு. கழிமுகம் அப்படி இருப்பதில்லை. ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஓதம் ஏறி வற்றுகிறது. நம் கடற்கரையில் ஓதத்தின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், தட்டையான கழிமுகத்தில் அந்தச் சிறு ஏற்றமே கடல்நீரைப் பல கிலோமீட்டர் உள்ளே தள்ளிவிடும். தினமும் காலை பத்து மணிக்கு அளப்பது ஒழுங்கான வேலைபோலத் தோன்றினாலும், ஓதத்தின் வெவ்வேறு நிலையை ஒவ்வொரு நாளும் அளக்கிறோம் என்பதே அதன் பொருள். அப்படி எடுத்த எண்களை வரைந்தால், பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் பொய்யான அலை ஒன்று தோன்றும். அதை அணைத் திறப்போடு பொருத்திப் பார்த்து மகிழ்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

தீர்வு எளிது. கடிகாரத்தைப் பார்த்து அளக்காமல் ஓதத்தைப் பார்த்து அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓதம் முழுதும் ஏறி நிற்கும் நேரத்தையோ வற்றி நிற்கும் நேரத்தையோ தேர்ந்து, அதையே கடைப்பிடிக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி எடுத்த அளவை அட்டமி நாள் அளவோடு ஒப்பிடாதீர்கள். பழையாற்று மீனவர்களிடம் கேட்டால் அன்றைய ஏற்ற வற்ற நேரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

நீர்மட்டப் பதிவுக்கருவியில் தோன்றும் ஒரு தனிப்பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்றுக்குழாய் இல்லாத அழுத்தக்கருவியைச் சேலத்தில் வைத்துச் சுழியமாக்கிவிட்டுக் கடற்கரையில் இறக்கினால், அது எப்போதும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும். சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவுக்கு உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் அங்கே குறைவு. அந்த வேறுபாட்டைத்தான் கருவி தண்ணீர் என்று எண்ணிக்கொள்கிறது. ஓதமே ஒரு மீட்டருக்குள் அடங்கும் இடத்தில் 30 சென்டிமீட்டர் சிறிய பிழை அன்று. சுழியமாக்குவதைக் கடற்கரையில் செய்யுங்கள்.

அறிகுறி: கரைந்த ஆக்சிஜன் 115, 120 விழுக்காடு என்று காட்டுகிறது

இந்த அறிகுறி எங்கள் மாவட்டத்துக்கே உரியது என்பதால் இதில் சற்று அதிகமாக நிற்கிறேன். ஒருமுறை ஏற்காட்டில் மாணவர்களுக்குப் பயிற்சி நடத்தினோம். ஏரிக்கரையில் வைத்தே கருவிகளைச் சரிசெய்து, அங்கிருந்தே புறப்பட்டு மறுநாள் கழிமுகத்தில் அளந்தார்கள். காற்றோடு சமநிலையில் நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனை நூறு என்று கொள்வது வழக்கம்; அனைத்து இடங்களிலும் ஆக்சிஜன் நூற்றுக்கு மேல் வந்தது. வெள்ளம் ஊட்டச்சத்தைக் கொண்டுவந்ததால் மிதவைப் பாசிகள் பெருகி ஆக்சிஜன் மிகுந்துவிட்டது என்று நேர்த்தியான விளக்கம் ஒன்றும் எழுதப்பட்டது. விளக்கம் அறிவியலோடு ஒத்துப்போனதால் நானும் முதலில் ஏற்றுக்கொண்டேன். பிழை எங்களுடையது, நான்கு நாள் உழைப்பு அதில் போயிற்று.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். காற்றழுத்தத்தைத் தானே அளக்காத கருவியை அங்கே ஈரக்காற்றில் வைத்து 100 என்று அமைத்தால், குறைந்த ஆக்சிஜனையே அது நூறு என்று நம்பிக்கொள்கிறது. கடற்கரைக்கு வந்ததும், சரியாக நிறைவடைந்த தண்ணீரைக்கூட 120 என்று சொல்லும். சேலத்தில் அமைத்திருந்தால் பிழை மூன்று விழுக்காடுதான். அதனால் அது கண்ணில் படாமலே ஆண்டுக்கணக்கில் தாள்களில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது காரணம் உப்பு. 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். உப்பு 35 உள்ள கடல்நீர் 6.2 மட்டுமே பிடிக்கும். கருவியில் உப்பு அளவைச் சுழியம் என்று விட்டுவிட்டால், கடல்நீரில் ஐந்தில் ஒரு பங்கு மிகையான மில்லிகிராம் வரும். கழிமுகத்தில் உப்பு மணிக்கு மணி மாறுவதால், ஒவ்வொரு அளவீட்டுக்கும் அந்த இடத்தின் உப்பு அளவைக் கருவிக்குக் கொடுக்க வேண்டும். இயலாவிட்டால் உப்பையும் வெப்பத்தையும் பக்கத்தில் எழுதி வந்து, இங்கே வைத்துத் திருத்த வேண்டும்.

எனவே இந்த அறிகுறி வந்தால் கருவி எங்கே, எந்த நாளில் சரிசெய்யப்பட்டது என்று முதலில் தாளில் பாருங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அன்றைய ஆக்சிஜன் அளவுகளை முழுவதுமாக ஒதுக்கி வையுங்கள். அடுத்த முறை போகும்போது இரண்டு குடுவைகளில், ஆக்சிஜனைக் கருவியின்றி வேதிமுறையில் அளக்கும் விங்க்ளர் முறைக்கான வேதிப்பொருள்களைச் சேர்த்து, ஆக்சிஜனை அங்கேயே நிலைப்படுத்திக் கொண்டுவாருங்கள். உயரமும் காற்றழுத்தமும் தொடாத தனிச் சாட்சி அது. இவை எல்லாம் சரியாக இருந்தும் நண்பகலில் 120 வந்தால், பாசிப் பெருக்கம் என்ற விளக்கம் உண்மையாக இருக்கலாம். அப்போது மறுநாள் விடியலுக்கு முன் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். பாசிகள் பகலில் வெளியிட்ட ஆக்சிஜனை இரவில் அனைத்து உயிர்களும் சுவாசித்துத் தீர்ப்பதால், விடியலில் அளவு கடுமையாக விழுந்திருக்கும். இரண்டு நேரமும் நூற்றுக்கு மேலேயே நின்றால், பிழை கருவியில்தான்.

அடியில் மட்டும் ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கருவியைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். மேலே நன்னீரும் கீழே உப்புநீருமாக அடுக்கு விழுந்துவிட்டால், மேலிருந்து காற்று கீழே இறங்க வழியில்லை. வெள்ளம் கொண்டுவந்த இலைதழைகள் அடியில் மக்கும்போது இருக்கும் ஆக்சிஜனும் தீரும். நன்னீர் வரத்தின் தீய விளைவும் உண்டு என்பதற்கு இதுவே தெளிவான எடுத்துக்காட்டு. அதை மறைக்கும் ஆசை நமக்கு வரவே கூடாது.

அறிகுறி: அக்டோபருக்குப் பிறகு உப்பு விழுந்தது, காரணம் மழையா, மேட்டூரா?

தென்மேற்குப் பருவத்தில் வரும் வெள்ளத்துக்கு இந்தக் குழப்பம் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் கர்நாடகத்தில் பெய்த மழையால் மேட்டூர் நிரம்பும்போது கடற்கரையில் பெரும்பாலும் வெயிலடிக்கும். வடகிழக்குப் பருவம் தொடங்கிவிட்டால் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வானத்திலிருந்தும் தண்ணீர் வருகிறது. இங்கே ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கழிமுகம் வேண்டும்.

அதற்கு வெள்ளாற்றைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். நம் மாவட்டத்தில் ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதி, சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. கொள்ளிடத்தின் முகத்துக்கும் அதற்கும் இடையில்தான் பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. இரண்டு கழிமுகங்களிலும் ஏறக்குறைய ஒரே கடற்கரை மழை பெய்கிறது. மேட்டூரின் மிகைநீர் கொள்ளிடத்துக்கு மட்டும் நேராக வருகிறது. வெள்ளம் வருவதற்கு முன் இரண்டையும், வந்த பின் இரண்டையும் அளந்து, கொள்ளிடத்தில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து வெள்ளாற்றில் ஏற்பட்ட மாற்றத்தைக் கழித்தால் எஞ்சுவதுதான் அணைத் தண்ணீரின் பங்காகக் கருதத்தக்கது. முன் அளவீடு இல்லாமல் பின் அளவீட்டை மட்டும் எடுத்து வந்தவர்களிடம், அடுத்த ஆண்டு ஜூனிலிருந்தே தொடங்குங்கள் என்று சொல்வதைத் தவிர வேறு உதவி எதுவும் செய்ய என்னால் இயலவில்லை.

இந்த ஒப்பீட்டிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. வீராணம் ஏரி கொள்ளிடத்துத் தண்ணீரைப் பெறுகிறது. அதன் மிகைநீர் சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றில் விடப்படும் நாள்களில், ஒப்பீட்டுக்கு வைத்த ஆற்றிலேயே காவிரித் தண்ணீர் கலந்துவிடுகிறது. அந்த நாள்களைத் தாளில் வட்டமிட்டு ஒதுக்கிவிடுங்கள்.

தண்ணீரையே கேட்டறியும் முறையும் உண்டு. நெடுந்தொலைவு பாறையிலும் மண்ணிலும் ஓடி வந்த ஆற்றுநீரில் பைகார்பனேட் மிகுதி. இங்கே பெய்து உடனே வழிந்த மழைநீரில் அது மிகக் குறைவு. பல இடங்களில் உப்பையும், பைகார்பனேட்டின் அளவைக் காட்டும் காரத்தன்மையையும் சேர்த்து அளந்து, ஒன்றுக்கெதிராக ஒன்றை வரைந்து, கோட்டை உப்பு சுழியம் வரை நீட்டிப் பாருங்கள். அங்கே வரும் காரத்தன்மை அணைக்கரையில் எடுத்த நீரின் அளவுக்கு நெருங்கினால் ஆறு வந்திருக்கிறது. மிகத் தாழ்ந்து நின்றால் மழையின் பங்கு பெரிது.

அறிகுறி: நைட்ரேட் அளவு நம்ப முடியாதபடி இருக்கிறது

பாட்டிலைப் பாருங்கள். பழையாற்றில் காலையில் எடுத்த மாதிரி, பேருந்தின் அடியில் வெயிலில் வெந்து, இரவில் சேலம் வந்து சேர்ந்தால், அதற்குள் நுண்ணுயிர்கள் அதைத் தின்றோ மாற்றியோ விட்டிருக்கும். எடுத்த இடத்திலேயே வடிகட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் இருட்டில் வைத்து, வந்தவுடன் உறையவைக்க வேண்டும். பாசியின் அளவைக் காட்டும் பச்சையத்துக்கான வடிதாள்களை அலுமினியத் தாளில் மடித்துக் குளிரில் வைக்காவிட்டால் அவற்றை எறிந்துவிடலாம்.

மாதிரி நன்றாக இருந்தால், நைட்ரேட்டையும் உப்புக்கெதிராக வரைந்து பாருங்கள். ஆற்று முனையிலிருந்து கடல் முனைக்கு நேர்க்கோடாக இறங்கினால் அது வெறும் கலப்பு. உயிர்கள் எதுவும் செய்யவில்லை. கோடு கீழ்நோக்கி வளைந்தால் பாசிகள் எடுத்துக்கொள்கின்றன. மேல்நோக்கி வளைந்தால், இறால் பண்ணைக் கழிவோ ஊர்ச் சாக்கடையோ நடுவில் வந்து சேர்கிறது என்று தேடிப் போக வேண்டும். வெள்ளம் வந்த முதல் வாரத்தில் பச்சையம் குறைந்தால் திகைக்க வேண்டாம். கலங்கல் ஒளியை மறைக்கிறது, ஓட்டம் பாசியைக் கடலுக்கு அடித்துச் செல்கிறது. பெருக்கம் வருமானால் தண்ணீர் தெளிந்த பிறகே வரும்.

அறிகுறி: கோடையில் உப்பு கடலைவிட அதிகமாக இருக்கிறது

இது பெரும்பாலும் பிழை அன்று. ஆற்று வரத்து நின்று, முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்துக்கொண்டால், ஆழமற்ற நீர் வெயிலில் ஆவியாகி உப்பு 35ஐத் தாண்டும். முத்துப்பேட்டைக் காயலிலும் கோடையில் இப்படி நடக்கும். முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்திலும் ஒளிப்படம் எடுத்துத் தாளோடு சேருங்கள்.

அறிகுறி: அணை திறந்ததும் மீன்பாடு கூடியது என்கிறார்கள்

இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. நாம் கேட்க விரும்பும் செய்தி இதுதான் என்பதால், இதைத்தான் கடுமையாகச் சோதிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடை. மேட்டூர்ப் பாசனத் திறப்பின் வழக்கமான நாள் ஜூன் 12. இரண்டும் ஒட்டியே வருகின்றன. ஜூன் கடைசியில் கரையேறும் மீனின் மிகுதிக்குத் தடைக்காலமும், திரும்ப இறங்கிய படகுகளின் எண்ணிக்கையுமே போதிய விளக்கம். மேலே சொன்னபடி, அந்தத் தண்ணீர் கழிமுகத்துக்கு வந்திருக்கக்கூட வாய்ப்பில்லை.

கரையேறிய மொத்த எடையை எழுதாமல், ஒரு வலையை ஒரு முறை வீசியதற்கு எவ்வளவு என்று எழுதுங்கள். கழிமுகத்துக்குள் நாட்டுப்படகில் மீன்பிடிப்போரின் அளவு, கடலுக்குப் போகும் விசைப்படகின் அளவைவிட நம் கேள்விக்கு நெருக்கமானது. இறாலைப் பொறுத்தவரை, இளம் இறால்கள் கழிமுகத்தில் வளர்ந்து கடலுக்குப் போவதால், வெள்ளத்தின் விளைவு சில மாதங்கள் தள்ளித்தான் வலையில் தெரியும். அதே வாரத்தில் தேடினால் ஏமாறுவோம்.

அறிகுறி: சேற்றுப் புழுக்களும் மட்டிகளும் சென்ற முறையைவிடப் பாதிதான் இருக்கின்றன

சல்லடையைக் கேளுங்கள். சென்ற முறை அரை மில்லிமீட்டர்ச் சல்லடையில் அலசி, இம்முறை ஒரு மில்லிமீட்டர்ச் சல்லடையில் அலசியிருந்தால், காணாமற்போனவை சாகவில்லை. துளை வழியே ஓடிவிட்டன. சல்லடை ஒன்றே என்றால், சேறு எடுத்த ஆழத்தையும் ஓத நிலையையும் பாருங்கள்.

அவையும் சரி என்றால், இப்போது நாம் உண்மையான விளைவுக்கு அருகில் இருக்கிறோம். ஓட்டோடு வாழும் சிப்பிகள் நன்னீர் வந்தால் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கும். உப்பு திரும்பாமல் வெப்பமும் மிகுந்தால்தான் சாகும். ஆகவே வெள்ளத்தின் மறுநாள் உயிரோடு இருந்ததைக் கொண்டு பாதிப்பில்லை என்று எழுதுவது தவறு. மிசிசிப்பி ஆற்றிலிருந்து பிரெட்டன் சவுண்டுக்கு நன்னீரைத் திருப்பும் கேர்னார்வன் மதகு 1991இல் இயங்கத் தொடங்கிய பிறகு, சிப்பி வளர்ப்போருக்கும் அரசுக்கும் நீண்ட வழக்கே நடந்தது. கழிமுகத்துக்கு நல்லது என்று திருப்பிய தண்ணீர், அதே கழிமுகத்தில் சிலரின் பாத்திகளை அழிக்கும். பழையாற்றில் மட்டி பொறுக்கும் பெண்களிடம் நாம் போய்ப் பேச வேண்டிய காரணமும் இதுதான். எந்தத் திட்டில் எந்த மாதத்தில் வெற்று ஓடுகள் கிடந்தன என்பது எங்கள் கருவிகளுக்குத் தெரியாது; அவர்களுக்குத் தெரியும். ஓடுகள் கிடந்த இடத்தையும் நாளையும் அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டு, சதைப்பற்றோடு பிளந்து கிடப்பது அண்மைச் சாவு, உள்ளே கொட்டலசு ஒட்டிக் கிடப்பது பழைய சாவு என்று பிரித்துக் குறியுங்கள்.

அறிகுறி: கருவி வரவில்லை, ஆனால் வெள்ளம் வந்துவிட்டது

கருவி பழுதாகி நின்ற நாளிலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். ஆற்றில் அடித்து வரும் ஆகாயத்தாமரையைப் பாருங்கள். நன்னீரில் அது பச்சையாக மிதக்கும். உப்பு ஏறிய தண்ணீரில் இலையோரங்கள் பழுப்பேறி, சில நாள்களில் அழுகத் தொடங்கும். பச்சையாக மிதக்கும் கடைசிக் கொத்து எங்கே, பழுப்பேறிய முதல் கொத்து எங்கே என்று படகில் சென்று நேரத்தோடும் ஓத நிலையோடும் குறியுங்கள். திருகுமூடி பாட்டில்களில் மேல்நீரை விளிம்புவரை நிரப்பி, நாள், நேரம், இடம் எழுதி மூடிக் கொண்டுவாருங்கள். உப்பு அளவு பாட்டிலில் மாறாது என்பதால் சேலத்தில் வைத்து அளந்துகொள்ளலாம். ஆக்சிஜனை மட்டும் அப்படி அளக்க முடியாது. அந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிடுங்கள்.